வள்ளித்தாய் கேட்ட மூன்று மணி நேரம்

வள்ளித்தாய் அக்காவைப் பார்த்து யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு என்னைவிட அதிகமாக வரும். ஒரு தடவை பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை அவளுடைய இடது கையைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், எப்படிக்கா ஆச்சு?" என்று கேட்டது. "பாவம்னு சொல்றியே, எந்திரி, ஒஞ் சீட்டக் குடு" என்று எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆமத்தூரிலிருந்து விருதுநகர் வரைக்கும் அந்தப் பெண் நின்றுகொண்டே வந்தது.

நான் வேல்விழி. ஆமத்தூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் என்னிடம்தான். யார் எத்தனை வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். வள்ளித்தாய் அக்காவின் அம்மா எங்கள் பருத்திக்காட்டுக்குக் களையெடுக்க வந்தவள். என்னைவிட ஆறு வயது மூத்தவளான அக்காவைச் சின்ன வயதில் நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கினார்கள். நாலு எழுத்து படித்த பிறகு எனக்கே வெட்கமாகி 'அக்கா' என்று மாற்றிக்கொண்டேன். என் பெரியப்பா சங்கையாவுக்கு இன்றைக்கும் அது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

காலையில் ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம், காய்ந்த காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு பட்டாசு யூனிட்டில் அக்கா புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. நடுவில் எட்டு மாதம் மட்டும் போகவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இருந்த ரூம் வெடித்ததில் இடது கை முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் வெந்து, கடைசி இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆற வேண்டியது ஆறியதும் அதே வேனில் ஏறி அதே வேலைக்குப் போனாள். ஊரே திட்டியது. "வேற எங்க போகச் சொல்றீக? மழையா பெய்யுது, காட்டு வேலைக்குப் போக?" என்று கேட்டாள்.

அவள் வேலை பார்க்கிற ரூமில் ஒரு வழக்கம் உண்டு. ரூமுக்கு நாலு பேர். வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்ட்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது எல்லா யூனிட்டிலும் உள்ளதுதான். அக்காவின் ரூமில் அதற்கு மேல் ஒன்று. காலையில் மருந்து உள்ளே வருவதற்கு முன்னால் திடீரென்று "போ!" என்று கத்துவாள். நாலு பேரும் எதையும் தொடாமல், யாரையும் பார்க்காமல், வெறுங்கையோடு ஓடி வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். திரும்பிப் பார்த்தவளுக்கு அன்றைக்கு முழுக்க ஏச்சு விழும். சோற்றுவாளியை ரூமுக்குள் வைக்கவே விட மாட்டாள், மரத்தில்தான் தொங்க வேண்டும். காக்கா கொத்தினால் கொத்திவிட்டுப் போகட்டும் என்பாள். போர்மேன் சங்கிலிமுத்து இதைப் பார்த்துவிட்டு, "ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்காளாக்கும்" என்று கேலி பேசுவான். ஆனால் நிறுத்தச் சொல்லும் தைரியம் அவனுக்கு வந்ததில்லை.

இந்தப் பொங்கல் முடிந்த மறுவாரம் மதுரையிலிருந்து பிரீத்திகா என்று ஒரு பெண் வந்தாள். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. டாக்டர், இன்ஜினீயர் என்று ஆள் சேர்த்து வெளிநாட்டுக் கிராமங்களுக்குச் சேவை செய்யக் கூட்டிப் போகிறவர்கள். இலங்கையில் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு சிங்களக் கிராமம் இருக்கிறதாம். அங்கே யூனிட், ரூம் என்று எதுவும் கிடையாது. சித்திரைப் புத்தாண்டுக்கான வெடியை வீட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து பெண்கள் சுற்றுகிறார்கள். போன வருஷம் ஒரு வீடு வெடித்து ஒரு தாயும் இரண்டு மகள்களும் போய்விட்டார்கள். மார்ச் மாதம் அங்கே பாதுகாப்புப் பயிற்சி நடத்தப் போகிறோம், அதற்காக இங்கே விவரம் சேகரிக்கிறோம் என்று என் சென்டரில் உட்கார்ந்து பிரீத்திகா சொன்னாள். பக்கத்து ஸ்டூலில் ரேஷன் கார்டு வேலையாக அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அடுப்படியிலயா?" என்றாள் அக்கா. "அடுப்பு எரியுற எடத்துலயா மருந்த வச்சிருக்காளுக?"

"ஆமாக்கா."

"அப்ப நானும் வாறேன்."

பிரீத்திகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீங்க வந்தா ரொம்ப நல்லா இருக்கும்க்கா!" என்று அக்காவின் வெந்த கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை மட்டும் அவள் நாலைந்து படம் எடுத்தபோது எனக்குச் சுருக்கென்றது. அக்கா ஒன்றும் நினைக்கவில்லை. அவள் மனசு அதற்குள் கப்பல் ஏறிவிட்டது.

இலங்கைக்குப் போகிறாள் என்ற சேதி பரவியதும் ஊர் வாய் திறந்துகொண்டது. அதை மூட உலைமூடியா இருக்கிறது? வீட்டு வேலைக்குத்தான் போகிறாள், வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சேவை கீவை என்கிறாள் என்றார்கள். "சேவைக்கு வர்றதெல்லாம் வெள்ளக்காரன்ல? பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு, பிள்ளைகளத் தூக்கி வச்சு போட்டோ எடுத்துட்டுப் போவான். இவ அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று பெரியப்பா என் சென்டர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"நீங்க போறீகளா பெரியப்பா? ஒங்களுக்குப் பட்டாசப் பத்தி என்ன தெரியும், கொளுத்தத் தெரியுமா?" என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

அக்காவின் புருஷன் நாகையா அண்ணன் மட்டும்தான் கோணாமல் பேசினார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற மனுஷன். "பத்து நாள்தான? நான் பொங்கித் தின்னுக்கிருவேன். அங்கன மீன் நல்லா இருக்குமாம்ல, கருவாடு மட்டும் வாங்கிட்டு வந்துரு" என்றார்.

பாஸ்போர்ட் வேலையை முடித்து, நிறுவனம் அனுப்பியிருந்த தொண்டர் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். கல்வித் தகுதி என்று கேட்டிருந்தது. "அஞ்சாப்பு. பாஸ்னு சேத்து எழுது" என்றாள். 'இப்பணிக்கு உங்களைத் தகுதியாக்கும் அனுபவம்' என்று அடுத்த கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. அவள் கை வெந்தது எப்படி என்று ஊருக்கே தெரியும். கூட வேலை பார்த்த பானுப்பிரியாவைக் காப்பாற்ற நெருப்புக்குள் திரும்பிப் போனாள், பானுவை மீட்க முடியவில்லை, கை போய்விட்டது. அதைத்தான் அடித்தேன். 'தன் உயிரைப் பொருட்படுத்தாமல் சக தொழிலாளியைக் காப்பாற்ற முயன்றவர்' என்று அழகாக வந்திருந்தது. படித்துக் காட்டினேன்.

"அத அழி" என்றாள்.

"ஏங்க்கா? அடக்கமா இருந்தா இவுக எடுக்க மாட்டாக."

"அழின்னா அழி, வேலு. அது பொய்."

நான் கையை எடுத்துவிட்டேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வெடிச்ச ஒடனே நான் வெளிய வந்துட்டேன். நல்லா வந்துட்டேன், ஒரு பொட்டுக் காயம் கெடையாது. பானுவும் வந்துட்டா. அப்பத்தான் சோத்துவாளி உள்ள கெடக்கேன்னு தோணுச்சு. எங்கம்மா குடுத்த பித்தள வாளி. அத எடுக்கத் திரும்புனேன். அவ என்னயப் பிடிச்சு இழுக்க என் பின்னாலயே ஓடியாந்தா. ரெண்டாந்தடவ வெடிச்சிருச்சு. எனக்குக் கையோட போச்சு. அவளுக்கு இருவத்தி நாலு வயசு. நான் ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடந்தப்ப ஊரு எனக்கு ஒரு கதையக் கட்டி வச்சிருச்சு. எந்திரிச்சு வந்து நான் அத மறுக்கல. அந்தத் தப்பும் எந்தப்புத்தான்."

பன்னிரண்டு வருஷம் ஒரு மனுஷி இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு வேனில் ஏறி இறங்கியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை, கோபம்தான் வந்தது. "மூக்கச் சிந்தாம எழுது. வாளிக்குத் திரும்புனவன்னு எழுது. அதுதான் நான் அங்க போயிச் சொல்ல வேண்டியது" என்றாள். அப்படியே எழுதினேன். நான் நிரப்பிய ஆயிரம் விண்ணப்பங்களில் முழுக்க உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

லீவு கேட்கப் போன அன்றைக்குச் சங்கிலிமுத்து குதித்திருக்கிறான். அவளே வந்து சொன்னாள். "நம்ம தொழில் ரகசியத்த அடுத்த நாட்டுக்காரனுக்குக் கத்துக் குடுக்கப் போறியா? நாளைக்கு ஆர்டர் எல்லாம் அங்கிட்டுப் போயிருச்சுன்னா? போறதுன்னா போ, திரும்பி இந்த வேன்ல ஏறாத" என்றானாம்.

"நீ என்ன சொன்ன?"

"சாகாம இருக்கறதுதான் ஒங் கம்பெனி ரகசியமாலேன்னு கேட்டேன். அப்படின்னா இத்தன வருசமா எங்ககிட்டயும்ல அத மறச்சு வச்சிருக்கன்னேன்."

"லேன்னா சொன்ன? போர்மேனையா?"

"அவன் டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச காலத்துலயே நான் மருந்து அடைச்சவ" என்றாள்.

லீவு கிடைக்கவில்லை. வேலையும் போன மாதிரிதான். அதைப் பற்றி அவள் ஒரு நாள்கூடப் புலம்பவில்லை.

பிப்ரவரியில் சிவகாசியிலிருந்து என் சித்தப்பா மகன் பாண்டிமுருகன் ஒரு படம் அனுப்பினான். அவன் அங்கே ஆப்செட் பிரஸ்ஸில் இருக்கிறான். காலண்டர் சீசன் முடிந்து பிரஸ் காற்றாடுகிற நேரம், எந்த ஆர்டர் வந்தாலும் எடுப்பார்கள். 'அக்கா, இது நம்ம வள்ளித்தாய் கைதானே?' என்று கேட்டிருந்தான். திறந்து பார்த்தேன். பெரிய போஸ்டர். மேலே சிங்கள எழுத்து, கீழே பிரீத்திகாவின் நிறுவனத்து முத்திரை. நடுவில், ஆள் உயரத்துக்கு, அந்த வெந்த கை. ஒட்டிப்போன விரல்களில் நகம் வளைந்திருப்பது வரைக்கும் தெரிந்தது. முகம் இல்லை, பேர் இல்லை. இந்த உலகத்தில் எந்த ஊரில் அடித்திருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. கொண்டுபோய்ச் சிவகாசியில் அடித்தால் தெரியாமல் போகுமா? அந்தக் கையோடு பத்து வருஷம் வேனில் போனவர்களின் மகன்களும் மருமகன்களும்தானே அங்கே மிஷின் ஓட்டுகிறார்கள்! அக்காவிடம் காட்டுவதற்கு முன்பே அவள் தெருவுக்குப் படம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவள் போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நான் எங்க?" என்று கேட்டாள்.

அடுத்த புதன்கிழமை மதுரையில் பயணத் திட்டக் கூட்டம். என்னையும் துணைக்குக் கூட்டிப் போனாள். நிறுவனத்தின் அலுவலகம், கீழ்த்தளம், ஏசி ரூம். நீள மேசையைச் சுற்றி, பிரீத்திகாவையும் சேர்த்து எட்டுப் பேர். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ராக்கப்பன் சார் நடுவில் இருந்தார். எல்லோர் முன்னாலும் லேப்டாப், செல்போன், டீ, பப்ஸ். பிரீத்திகா ஆளுக்கொரு தாள் கொடுத்தாள், நிகழ்ச்சி நிரல். நான் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். 'தொழில்நுட்பப் பயிற்சி, திரு. ராக்கப்பன், மூன்று மணி நேரம்.' அதற்குக் கீழே, 'விபத்தில் பாதிக்கப்பட்டவர் பேசுகிறார், பத்து நிமிடம்.' அங்கேயும் பேர் இல்லை.

அக்கா எழுந்தாள். "யம்மா பிரீத்திகா. பாதிக்கப்பட்டவர்னா நானா?"

"ஆமாக்கா. உங்க கையைப் பார்த்தாலே அவங்களுக்குப் புரிஞ்சிடும். நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேண்டாம்."

"அப்ப கைய மட்டும் வெட்டிக் குடுத்து விட்டுறட்டுமா? பிளேன் டிக்கெட்டாவது மிச்சம்."

ஒருத்தர் சிரித்துவிட்டு, தப்பு என்று தெரிந்து வாயை மூடினார். பிரீத்திகாவின் முகம் செத்துப்போனது. நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நல்ல எண்ணத்தோடேயே ஒரு ஆளைக் கையாகச் சுருக்கிவிட்டாள், அவ்வளவுதான். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

"பத்து நிமிசத்த நீங்க வச்சுக்கோங்க. மூணு மணி நேரம் எனக்கு. கையக் காட்ட நான் வரல, வேலையக் காட்ட வாறேன். இல்லன்னா கையும் வராது" என்றாள் அக்கா.

ராக்கப்பன் சார் பொறுமையாகவே பேசினார். "வள்ளித்தாய், நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா இது டெக்னிக்கல் விஷயம் பாருங்க. நான் முப்பது வருஷம் இதே சர்வீஸ்ல..."

"சார், நீங்க தீப்பிடிச்ச பெறகு வாறவுக. நான் தீப்பிடிக்கையில உள்ள இருக்கறவ."

சொல்லிவிட்டு, ஒரு பப்ஸ் தட்டை எடுத்தாள். எவர்சில்வர் தட்டு. ஓங்கித் தரையில் அடித்தாள். டமார் என்று அந்தக் கண்ணாடி ரூமே அதிர்ந்தது.

"வெடிச்சிருச்சு! போ! எல்லாரும் வெளிய போ!"

முதலில் ஒருத்தரும் அசையவில்லை. ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். அவள் மறுபடி கத்தினாள். எங்கள் ஊர்ப் புஞ்சையில் நின்று கத்துகிற சத்தம் அது, ஏசி ரூமுக்குப் பழக்கமில்லாதது. திடுதிடுவென்று எழுந்தார்கள். ஒரு டாக்டர் லேப்டாப்பை மூடி, வயரைப் பிடுங்கி, சுற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு அம்மா மேசைக்கடியில் செருப்பைத் தேடினார். இருந்தது ஒரே கதவு, அதுவும் உள்பக்கமாக இழுத்துத் திறக்கிற கதவு. முன்னால் போன ரெண்டு பேர் திறக்கப் பார்க்க, பின்னால் வந்தவர்கள் நெருக்க, திறக்கவே முடியவில்லை. ஒருவழியாகத் திறந்து வராந்தாவுக்கு வந்தோம். பாதி வழியில் ராக்கப்பன் சார் "ஐயோ, கண்ணாடி" என்று திரும்பி உள்ளே போனார். அவரைக் கூப்பிடப் பிரீத்திகா பின்னாலேயே போனாள்.

அக்கா வாசற்படியில் நின்று அந்த ரெண்டு பேரையும் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எதற்காக என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லோரும் வந்ததும் வரிசையாக நிறுத்தி எண்ணினாள். "நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன். கடசி ஆள் வெளிய வரும்போது நாப்பத்தி ஒண்ணு. எங்க ரூம்ல மூணு எண்ண நேரம் இருக்காது." என் பக்கம் திரும்பினாள். "வேலு, ஒங் கையில என்ன?"

பார்த்தேன். ஹேண்ட்பேக். எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு மானம் போய்விட்டது.

"ஒம்பது பேர்ல ஒருத்தர் மிஞ்சல" என்றாள். "அம்புட்டுப் பேரும் படிச்சவுக. ஒங்கள நான் குத்தம் சொல்லல. நானும் ஒரு பித்தள வாளிக்காகத் திரும்புனவதான். என்னய இழுக்க வந்தவ செத்தா, நான் இங்கன நின்னு பேசுறேன். அந்த ஊருப் பொம்பளைகளும் திரும்புவாளுக. பிள்ளை துணிக்கு, பானைக்கு, சாமி படத்துக்குத் திரும்புவாளுக. திரும்பாம ஓடப் பழகணும். அடுப்படிய விட்டு மருந்த வெளிய எடுக்கணும், கதவு வெளிய பாத்துத் தெறக்கணும், அதுக்கப்புறம் ஓடி ஓடிப் பழகணும். அத எப்படிப் பத்து நிமிசத்துல சொல்ல?"

ராக்கப்பன் சார் கண்ணாடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை போல. பிரீத்திகா அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, அவளுக்கே உரிய அக்கறையோடு கடைசியாக ஒன்றைக் கேட்டாள்.

"எல்லாம் சரிக்கா. ஆனா அவங்களுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குச் சிங்களம் தெரியாது. மூணு மணி நேரம் எந்தப் பாஷையில சொல்லிக் குடுப்பீங்க?"

"இப்ப நீங்க அம்புட்டுப் பேரும் ஓடுனீகளே," என்றாள் வள்ளித்தாய் அக்கா, "எந்தப் பாஷையில ஓடுனீக?"